வாண்டு படித்துக் காட்டிய பலகை

கண்ணாடிக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பார். பின்னாளில் தன் மனைவியாகப் போகிற டீச்சரை முதன்முதலாகச் சந்தித்த அன்றும், "உங்களுக்கு இடது கண்ணுல லேசா பவர் இருக்கும்போல இருக்கே" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். பதினைந்து வருடமாக டீச்சர் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். "வேற யாராவது இருந்தா கண்ணு அழகா இருக்குன்னு சொல்லியிருப்பாங்க. எனக்கு வாய்ச்சது இது."

கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கும். நீளம் பத்தடிதான். பவர் பார்க்க இருபதடி தூரம் வேண்டும் என்பதால், இடவலம் மாற்றி எழுதிய எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பதித்திருந்தார். வந்து உட்காருகிறவர்கள் தங்கள் முகத்துக்கு மேலே எழுத்துகளைப் பார்த்துப் படிக்க வேண்டும். தடுப்புக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற சக்கரம். அதன்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தேய்ந்த தூள் வெள்ளைச் சேறாகத் தட்டில் சேரும். அந்த வெள்ளை அவருடைய நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை.

தொழிலில் அவர் கண்டிப்பானவர் என்று பெயர். முக்கியமாகப் பிள்ளைகள் விஷயத்தில். பன்னிரண்டு வயதுக்குக் கீழே யார் வந்தாலும் தானே பவர் பார்க்க மாட்டார். சீட்டு எழுதிக் கொடுத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அங்கே சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் இருக்கிற தசையைத் தளர வைத்து, அதற்கப்புறம்தான் பார்ப்பார்கள். மணிக்கணக்கில் கிட்டத்திலேயே உற்றுப் பார்க்கிற பிள்ளையின் கண் அப்படியே இறுகி நின்றுவிடும். அந்த நேரத்தில் தூரத்து எழுத்தைக் காட்டினால் மங்கலாகத்தான் தெரியும். இல்லாத பவர் இருப்பதுபோலக் காட்டும். ஒரு மைனஸ் லென்ஸைப் போட்டால் எழுத்து கருகருவென்று தெளியும், பிள்ளையும் "இதுதான் நல்லாருக்கு" என்று தலையை ஆட்டிவிடும். தேவையில்லாத அந்த லென்ஸோடு மறுபடி கிட்டத்தில் பார்க்கும்போது கண் இன்னும் இறுகும். கண்ணாடித் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் செய்தாரே, அதுதான் வயிற்றெரிச்சல்.

பள்ளிக்கூடங்கள் மூடிய வருடம் அது. டீச்சர் நான்காம் வகுப்பு எடுப்பவர். மகளும் அதே நான்காம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். பெயருக்கு ஏற்ற வேலைகள்தான் செய்வாள். டீச்சர் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் பாடம் நடத்துவார். வாண்டு கூடத்தில் சர்க்கரை டப்பாவில் அப்பாவின் பழைய போனைச் சாய்த்து வைத்துப் பாடம் கேட்பாள். ஒரு சுவர்தான் நடுவில். "அம்மா, எனக்கு இந்தக் கணக்கு புரியல" என்று கூடத்திலிருந்து கத்தினால், "கிளாஸ்ல என்னை அம்மான்னு கூப்பிடாதே. போன்ல கையைத் தூக்கு" என்று படுக்கையறையிலிருந்து பதில் கத்தல் வரும். உடனே போனில் ஒரு மஞ்சள் கை எழும்பும். "மிஸ், மோட்டார் போட்டீங்களே, தொட்டி நிறைஞ்சு வழியுது மிஸ்." முப்பத்திரண்டு பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

காலை ஒன்பது முதல் ஒன்று வரை வகுப்பு, மறுபடி இரண்டு முதல் மூன்றரை வரை. உள்ளங்கை அளவு திரை. அதில் டீச்சர் எழுதுகிற கணக்கு எறும்பு வரிசை மாதிரி தெரியும். வாண்டு மூக்கு போனில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து எழுதினாள். இரண்டு மாதத்தில் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்து எழுந்தால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, டிவி மங்கலா தெரியுது. தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

கடைகளுக்கு அப்போது மாலை நான்கு முதல் ஏழு வரைதான் அனுமதி. கண் ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு மட்டும் பார்த்தார்கள். மற்றவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சீட்டு எழுதினாலும் கொண்டுபோய்க் காட்ட இடமில்லை. பெற்ற பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிக்காரர் ஒரு நாள் நாலரை மணிக்கு அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். மைனஸ் அரையில் கடைசி வரி வந்தது. "ஐ, சூப்பரா தெரியுதுப்பா!" என்று வாண்டு நாற்காலியில் குதித்தாள். அவளுக்குப் பிடித்த ஊதா நிறச் சட்டத்தில் லென்ஸை வெட்டி மாட்டி அன்றைக்கே கொடுத்தார்.

தலைவலி பத்து நாள் அடங்கியிருந்தது. பிறகு வந்தது. மறுபடி மாலையில் பார்த்தார், மைனஸ் ஒன்று. அப்புறம் ஒன்றேகால்.

ஊரில் அவள் ஒருத்திதான் பிள்ளையா? டீச்சரின் திரையில் முப்பத்திரண்டு கட்டங்களில் ஒவ்வொரு கட்டமாகக் கண்ணாடி முளைத்தது. எல்லாரும் வகுப்பு முடிந்த கையோடு நாலு மணிக்கு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஐந்தரை மணி நேரம் திரையை முறைத்த கண்ணோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். முதலில் அது வீட்டில் வேடிக்கையாக இருந்தது. "உன் கிளாஸ்ல பாதி என் கஸ்டமர்" என்று கண்ணாடிக்காரர் சாப்பிடும்போது பீற்றிக்கொண்டார். பெற்றவர்களும் அவரை உச்சியில் தூக்கி வைத்தார்கள். ஆஸ்பத்திரி கைவிட்ட நேரத்தில் பிள்ளைக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் என்று ஓர் அம்மா சொன்னதை அவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் என்றுதான் அதுவரை ஊரில் அவருக்குப் பெயர்.

பதினோராவது கண்ணாடி வந்த அன்று டீச்சர் கேட்டார். "அது எப்படிங்க, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நேரத்துல பவர் வரும்?"

"போனைப் பாத்துப் பாத்துத்தான்."

"அதுக்காக நாலு மாசத்துலயா? ஆஸ்பத்திரி திறந்துட்டாங்களே, ஒரு தடவை அங்க அனுப்பிப் பாக்கலாமே."

"நீ பாடத்தைப் பாரு. கண்ணை நான் பாத்துக்கறேன்."

ஆஸ்பத்திரி திறந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மருந்துக் கடைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர் தினம் பார்த்துக்கொண்டுதான் ஷட்டரைத் தூக்கினார். அடுத்த மாதத்திலிருந்து பழையபடி சீட்டு எழுதலாம், அடுத்த மாதம், என்று தள்ளிக்கொண்டே போனார். கூட்டம் நின்றுவிடும் என்ற பயமா, ஏற்கெனவே கொடுத்ததெல்லாம் தப்பென்று வந்துவிடும் என்ற பயமா என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

அப்புறம் ஒரு மழை பிடித்துக்கொண்டது. எங்கோ கேபிள் அறுந்து மூன்று நாள் இன்டர்நெட் இல்லை, வகுப்பும் இல்லை. மழை விட்ட நேரமெல்லாம் வாண்டு மொட்டைமாடியிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கண்ணாடிக்காரர் தண்ணீர்த் தொட்டியின் மிதவையைச் சரிசெய்ய மேலே வந்தார். வாண்டு கட்டம் போட்டு நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணைச் சொல்லிக் குதித்தாள். "ஒம்பது. ஆறு. ரெண்டு ரெண்டு. அஞ்சு..."

"என்ன நம்பர்டி அது?"

"அதோ, அந்த டிரைவிங் ஸ்கூல் போர்டுல கீழ போட்டிருக்கே அதுதான்."

சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டாவது மாடியில் ஒரு கார் படம் போட்ட பலகை. கீழே பொடி எழுத்தில் போன் நம்பர். கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் அதைப் படித்தார். அப்புறம் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் கண்ணாடி இல்லை. மூன்று நாளாகத் தலையணைக்கு அடியில் கிடந்ததாம். மைனஸ் ஒன்றேகால் பவர் உள்ள பிள்ளைக்கு அந்த நம்பர் தெரியவே தெரியாது. பலகையே கலங்கலாகத்தான் தெரியும்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள். ஓர் எண்கூடத் தவறவில்லை. அவர் கையில் பிடித்திருந்த ஸ்பானர் தொட்டிக்குள் விழுந்தது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பிறகு பார்த்தார்கள். டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "பவர் எதுவும் இல்ல. யார் இந்தக் கண்ணாடி குடுத்தது?"

"நான்தான் டாக்டர். கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்."

"சின்னப் பிள்ளைங்களுக்கு மருந்து விடாம பாக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

தெரியாது என்பவர்களைத் திட்டத்தான் டாக்டரம்மா வார்த்தை வைத்திருந்தார் போலும். சீட்டில் எழுதினார். பிறகு, "இதைக் கழட்டிடுங்க" என்றார். "ஆனா பிள்ளை இதே மாதிரி போன்லயே கிடந்தா நிஜமாவே பவர் வந்தாலும் வரும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. வெளிச்சத்துல விளையாட விடுங்க. ஆறு மாசத்துக்கு ஒருதரம் காட்டுங்க."

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இன்னும் பதினோரு பேர் இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

 மூன்றாம் நாள் கடைசி வகுப்பு முடிகிற நேரத்தில் கண்ணாடிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். பெற்றவர்களையும் உட்காரச் சொல்லியிருந்தார் டீச்சர். முப்பத்திரண்டு கட்டங்கள், அதில் பதினொன்றில் அவர் கை பட்ட கண்ணாடிகள். மருந்து விடாமல் பவர் பார்த்ததையும், ஆஸ்பத்திரி திறந்த பிறகும் தான் அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். "நீங்களா கழட்டிடாதீங்க. சில பிள்ளைங்களுக்கு நிஜமாவே பவர் இருக்கலாம். ஆஸ்பத்திரில மருந்து விட்டுப் பாத்துட்டு, அவங்க சொல்றபடி செய்யுங்க. தப்பு என்னோடது." எல்லாருடைய மைக்கும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கட்டங்களில் வாய்கள் அசைந்தன, ஒரு சத்தமும் வரவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினொரு பேரில் ஏழு பேருக்குப் பவரே இல்லை. மூன்று பேருக்கு அவர் கொடுத்ததில் பாதிதான். ஒரே ஒரு பிள்ளைக்கு அவர் கொடுத்தது சரியாக இருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மாவும் சேர்ந்துதான் சண்டை போட்டார்.

மாலையில் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். கத்தினவர்கள் கத்திவிட்டுப் போனார்கள்; அதை அவர் தாங்கிக்கொண்டார். ஒருவர் மட்டும் கத்தவில்லை. லாரி ஓட்டுகிறவர். மகளின் சின்னக் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு மெல்லச் சொன்னார். "என் பொண்ணு நாலு மாசமா தலைவலின்னு அழுதா சார். கண்ணாடிதான் போட்டாச்சே, இனிமே என்ன தலைவலின்னு நான் நம்பல. பாடத்துக்கு டிமிக்கி குடுக்கறான்னு நினைச்சு ரெண்டு தடவை கை நீட்டிட்டேன்."

அவர் போன பிறகு கண்ணாடிக்காரர் தடுப்புக்குப் பின்னால் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். வாண்டு அன்றைக்குக் கடையில் இருந்தாள் என்பதையே மறந்துவிட்டார். ஓர் ஓரமாக உட்கார்ந்து காலி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தாள்.  டப்பாக்களைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு சீட்டு எழுதுகிற வழக்கம் பழையபடி வந்தது. வீட்டிலும் ஒரு வழக்கம் வந்தது. காலையில் பல் தேய்த்ததும் அப்பாவும் மகளும் மொட்டைமாடிக்குப் போவார்கள்.

"பலகை?"

"ஒம்பது, ஆறு, ரெண்டு ரெண்டு, அஞ்சு..." என்று கடைசிவரை சொல்வாள்.

 அவளைக் கீழே அனுப்பிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவார். அவர் கொடுத்த கண்ணாடி பிள்ளையின் கண்ணைக் கெடுத்துவிடவில்லை என்பதற்கு அந்தப் பத்து எண்கள்தான் அவருக்குச் சாட்சி. ஆறு மாதம் ஆனபோது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகலாம் என்று டீச்சர் சொன்னார். "தினம் பாக்கறேனே, பளிச்சுன்னு படிக்கறா. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். மறுபடியும் அதே "கொஞ்ச நாள்". மனுஷனுக்கு எத்தனை பட்டாலும் தன் வீட்டு விஷயத்தில் புத்தி வருவதில்லை.

பள்ளிக்கூடங்கள் திறந்தபாடில்லை. ஐந்தாம் வகுப்பு வந்தது. டீச்சரும் அதே பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்புக்கு மாறினார். வகுப்பு நேரம் ஒரு மணி கூடியது. வீட்டுப்பாடமும் போனுக்கே வந்தது. வாண்டு இப்போதெல்லாம் மொட்டைமாடியில் அதிகம் விளையாடுவதில்லை. "நேரம் இல்லப்பா" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. வழக்கம்போல மேலே வந்தார்கள். மகளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, "பலகை?" என்றார்.

வாண்டு எதிர்க் கட்டடத்தை நேராகப் பார்த்து, "ஒம்பது, ஆறு, ரெண்டு ரெண்டு, அஞ்சு..." என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

சீப்பை எடுத்துக்கொண்டு தற்செயலாகத்தான் அவரும் பார்த்தார். பலகையில் காருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு ஸ்கூட்டர் படம் முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாரோ வந்து புதிதாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழே நம்பரும் புதிது. ஏழு என்று ஆரம்பித்து நான்கு என்று முடிந்தது. ஒன்பதும் இல்லை, ஆறும் இல்லை. தன் கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இன்னொரு தடவை படி பாப்பா."

மறுபடியும் அதே பழைய நம்பர். அதே வேகம்.

"காருக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

வாண்டு கண்ணைச் சுருக்கினாள். 

"எப்பலேர்ந்து தெரியல?"

"அஞ்சாம் கிளாஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே."

"ஏண்டா சொல்லல?" கோபமாகக் கேட்கத்தான் நினைத்தார். கோபம் வரவில்லை.

"சொன்னா, என்னாலதான் உனக்கு இப்படி ஆச்சுன்னு மறுபடியும் ஸ்டூல்ல உக்காந்து அழுவீங்க." சொல்லிவிட்டு அவளே அழ ஆரம்பித்தாள். அவர் அவள் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அழக் கூடாது என்றுதான் நின்றார். முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து விட்டுப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்று. இந்தத் தடவை நிஜமான பவர். அப்போது தான் போட்ட கண்ணாடியால்தானா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். "நீங்க குடுத்ததா, போனா, இல்ல எப்படியும் வர இருந்ததான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டரம்மா. "ஆனா இவ்வளவு நாள் மங்கலாவே பாத்துட்டு இருந்திருக்கா. முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்."

லென்ஸை அவரேதான் வெட்டினார். டாக்டரம்மாவின் சீட்டைச் சக்கரத்துக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டு, எண்ணை மூன்று தடவை சரிபார்த்துத் தேய்த்தார். சட்டம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, "எதுன்னாலும் சரிப்பா" என்றாள் வாண்டு.

மறுநாள் காலை புதுக் கண்ணாடியோடு மேலே வந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை.  அவளாகவே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கம் பார்த்தாள்.

"ஏழு," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "மூணு. அப்புறம்... எட்டு. ஒண்ணு."

இதற்கு முன்னால் எல்லாக் காலையும் அவள் கடகடவென்று சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்தது. படிக்கிற பிள்ளை இப்படித்தான் படிக்கும், ஒவ்வொரு எண்ணாக, தேடித் தேடி. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குப் பலகை காட்டிய மனுஷனுக்கு அது உறைக்கவில்லை.

கடைசி எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கீழிருந்து டீச்சரின் குரல் வந்தது. "வாண்டு, ஒம்பது ஆச்சு. கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன், வந்து உக்காரு."

"வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு வாண்டு படியிறங்கிப் போனாள். கூடத்தில் சர்க்கரை டப்பாவை மேஜைமேல் நகர்த்தி வைக்கிற சத்தம் மாடிவரை கேட்டது.